நிறுத்தவா, குறைக்கவா?

ஷாமினிக்கு ஆங்கிலம் தெரியாது என்று ஓர் அறையில் உட்கார்ந்து பெரியவர்கள் முடிவு கட்டினார்கள். தெரியும் என்று நான் அன்றைக்கும் சொன்னேன்; இன்றைக்கும் சொல்கிறேன்.

நான் தாதி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. கடைசிவரை வார்டு சிஸ்டர்தான். அதற்கு மேலே போகவில்லை. ஏன் போகவில்லை என்பதும் இந்தக் கதையில் வரும். போன மாதம் என் பழைய மருத்துவமனையிலிருந்து இரண்டு தாதியர் கிள்ளானில் என் வீட்டுக்கு வந்தார்கள். அங்கே இனிமேல் எல்லாத் தாதியரும் ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேற வேண்டுமாம். பாடத்தில் பாதிக்கு மேல், வினைச்சொல்லுக்குப் பின்னால் வால் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும் சின்னச் சொற்களாம்: ஆன், ஆஃப், அப், டவுன், அவுட்.

"சிஸ்டர், நீங்க வந்து கொஞ்ச நேரம் பேசுங்க லா. பயந்து போய் இருக்காங்க எல்லாரும்" என்றாள் ஒருத்தி.

பேச வரவில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். பேசினால் பாதியில் யாராவது மைக்கை வாங்கிவிடுவார்கள். எழுத்தை அப்படி வாங்க முடியாது.

எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தது மேட்ரன் பிலோமினா. தாதியர் பயிற்சிப் பள்ளியில் எனக்கு ஆசிரியை. பிறகு சுபாங் ஜெயா பக்கம் ஒரு தனியார் மருத்துவமனைக்கு மேட்ரனாக, அதாவது தாதியர் தலைவியாகப் போனபோது, என்னையும் கூப்பிட்டு வார்டு கொடுத்தார். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். நல்லதும் கெட்டதும் எல்லா இடத்திலும் நடப்பதுதான்.

மேட்ரன் குள்ளமானவர். சீருடையின் மடிப்பு காலை முதல் மாலை வரை கலையாது. கோபம் வந்தால் குரல் இறங்கும். மிகவும் கோபம் வந்தால் நாம் குனிந்து காதைக் கொடுத்தால்தான் கேட்கும். நம் நாட்டில் யார் வீட்டிலும் மின்விசிறியை நிறுத்தச் சொல்லும்போது முழு ஆங்கில வாக்கியம் வராது. தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாருக்கும், எந்தப் பேச்சின் கடைசியிலும் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு, 'ஆஃப் த ஃபேன் லா'தான். 'ஸ்விட்ச்' என்ற வினைச்சொல் எப்போதோ காணாமல் போய்விட்டது. வால் மட்டும் தனியாக நின்று வேலை செய்கிறது. பயிற்சிக் காலத்தில் எங்களில் யாராவது 'ஆஃப் த ஃபேன்' என்று சொன்னால் மேட்ரனுக்குக் காது கேட்காது. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். 'ஸ்விட்ச் த ஃபேன் ஆஃப், ப்ளீஸ்' என்று முழுதாக வரும்வரை அப்படியே நிற்பார். நோயாளி குளிரில் நடுங்கினாலும் நிற்பார்.

'ப்ரிங் அப்' என்றால் பிள்ளையை வளர்ப்பது. அதுவே சாப்பிட்டதை வாந்தி எடுப்பது. அதுவே கூட்டத்தில் ஒரு பேச்சை எடுப்பது. 'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழுவது. 'பாஸ் அவே' என்றால் இறந்து போவது. இரண்டையும் மாற்றி ஒரு தாதி தொலைபேசியில் சொன்னால் ஒரு குடும்பமே அழுதுகொண்டு வந்து சேரும். இதையெல்லாம் நாங்கள் மனப்பாடம் செய்தோம். நானும் செய்தேன், நன்றாகவே செய்தேன். அதனால் நான் பேசுவது ஆங்கிலம் வராதவளின் ஆற்றாமை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இனி அந்த நாள்.

பிரகாஷ் இருபத்து நான்கு வயதுப் பையன். போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்கில் ஷிஃப்ட் வேலை. சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய். அவன் உடம்பு சொந்தமாக இன்சுலினே சுரக்காது. ஊசியில்தான் உயிர். குடல்வால் வெடித்து, அவசரமாக அறுவை செய்து எங்கள் வார்டுக்கு வந்திருந்தான். இன்னும் சாப்பிட ஆரம்பிக்கவில்லை. ஒரு கையில் குளுக்கோஸ் டிரிப். இன்னொரு பக்கம் இன்சுலினைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளும் சின்ன பம்ப். மணிக்கு ஒரு முறை விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்போம்.

அன்று காலை ஷிஃப்ட்டில் அவனைப் பார்த்துக்கொண்டவள் ஷாமினி. காஜாங்கிலிருந்து ரயிலேறி வருகிற பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, இன்னும் நிரந்தரமாக்கவில்லை. வேகம் குறைவு, ஆனால் கையில் சுத்தம். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கும்போது அவள் முகத்தில் தெரியும் கவனத்தைப் பார்த்தே நான் அவளை என் வார்டுக்குக் கேட்டு வாங்கினேன்.

காலையில் பிரகாஷின் சர்க்கரை இறங்கிக்கொண்டே வந்தது. ஷாமினி முறைப்படி டாக்டரை அழைத்தாள். டாக்டர் ஆனந்த் பள்ளிப் பருவத்திலேயே இங்கிலாந்து போய், அங்கேயே படித்து, அங்கேயே வேலை பார்த்து, அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். திறமையான டாக்டர், மரியாதையானவரும்கூட. அந்த நேரம் அறுவை அறையில் இருந்தார். அங்கிருந்த தாதி தொலைபேசியை அவர் காதில் பிடித்துக்கொண்டாள்.

"சுகர் இறங்கிக்கிட்டே வருது டாக்டர்" என்று ஷாமினி ஆங்கிலத்தில் சொல்லி, அளவையும் சொன்னாள்.

"ஓகே, ஜஸ்ட் பேக் ஆஃப் தி இன்சுலின் ஃபார் நௌ" என்றார் அவர்.

ஷாமினிக்கு அது முழுதாகத் திருப்தி தரவில்லை. அதனால்தான் திருப்பிக் கேட்டாள்: "ஆஃப் இன்சுலின், டாக்டர்?"

"யெஸ், யெஸ். பேக் ஆஃப்."

அவ்வளவுதான் பேச்சு. இங்கிலாந்தில் வளர்ந்தவருக்கு 'பேக் ஆஃப்' என்றால் கொஞ்சம் குறை, இறக்கி வை. இங்கே வளர்ந்தவளுக்கு 'ஆஃப்' என்றால் நிறுத்து. அவள் கேட்டது அவருக்குத் தான் சொன்னதன் சுருக்கமாகக் கேட்டது. அவர் சொன்ன 'யெஸ்' அவளுக்கு உத்தரவாகக் கேட்டது. ஷாமினி பம்ப்பை நிறுத்தினாள். டாக்டர் உத்தரவுப்படி இன்சுலின் ஆஃப் என்று குறிப்பில் எழுதினாள். பம்ப் ஓடாததால் மணிக்கொரு முறை விரலில் குத்தும் வழக்கமும் நின்றது. குளுக்கோஸ் டிரிப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நான் மதிய ஷிஃப்ட்டுக்கு வந்தேன். காலை ஆட்கள் ஒவ்வொரு படுக்கையாக விவரம் சொல்லி ஒப்படைத்துக்கொண்டிருந்தார்கள். பிரகாஷின் படுக்கைக்கு வருமுன்னே அவன் அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"மிஸ்ஸி, பையன் மூச்சு ஒரு மாதிரி இழுக்குது. தூங்குறான்னுதான் நெனச்சேன். கூப்பிட்டா முழிக்க மாட்டேங்கிறான்."

கிட்டே போனேன். மூச்சு ஆழமாக, வேகமாக, ஓடி வந்தவன் மாதிரி வாங்கிக்கொண்டிருந்தது. வாயிலிருந்து அளவுக்கு மீறிப் பழுத்த பழத்தின் வாடை. சர்க்கரை நோயாளியிடம் அந்த வாடை வந்தால் தாதிக்கு வேறு சாட்சி தேவையில்லை. இன்சுலின் இல்லாமல் இரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"ஷாமினி, இன்சுலின் எங்க?"

"ஆஃப், சிஸ்டர். டாக்டர் ஆர்டர்."

அவள் முகத்தில் ஒளிவு மறைவு ஏதும் இல்லை. விரலில் குத்தினோம். மீட்டர் எண்ணைக் காட்டாமல் 'ஹை' என்று மட்டும் காட்டியது. நான் டாக்டரை அழைத்தேன். ஒருத்தியை இரத்தம் எடுக்கச் சொன்னேன். இன்னொருத்தி உப்புநீர் டிரிப்பைத் திறந்தாள். டாக்டர் ஆனந்த் படியேறி ஓடி வந்தார். இன்சுலினை மறுபடி தொடங்கி, பிரகாஷைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அவன் அம்மா செருப்பில்லாமல் கட்டிலுக்குப் பின்னால் ஓடி வந்தார். லிஃப்ட் கதவு மூடியபோது அவர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை, பையனின் காலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவனை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்ததும், தாழ்வாரத்தில் டாக்டர் கேட்டார்: "இன்சுலினை யார் நிறுத்தியது?"

"நீங்கதானே டாக்டர் ஆஃப் பண்ணச் சொன்னீங்க" என்றாள் ஷாமினி.

"நான் பேக் ஆஃப்னு சொன்னேன்."

"யெஸ் டாக்டர். ஐ ஆஃப் ஆல்ரெடி."

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. இரண்டு பேரும் ஆங்கிலத்தில்தான் சொன்னார்கள். உள்ளே ஒரு பையன் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தான்.

பிரகாஷ் பிழைத்துக்கொண்டான். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சில நாளில் வார்டுக்குத் திரும்பினான், கஞ்சி குடித்தான், ருசியே இல்லை என்று குறை சொன்னான், வீட்டுக்கும் போனான். ஆனால் அவன் கண் விழிக்கும் முன்பே மருத்துவமனை தன் பதிலைத் தயாரித்துவிட்டது.

மேட்ரன் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். மேசையில் ஒரு தாள் இருந்தது. டாக்டர் ஆங்கிலத்தில் இட்ட உத்தரவைப் புரிந்துகொள்ளத் தவறினேன் என்று ஷாமினி சொல்வதாக அதில் அச்சடித்திருந்தார்கள். அவள் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"அவளை உட்கார வெச்சுப் பேசு, தனம். நீ சொன்னா கேப்பா" என்றார் மேட்ரன். குரல் இறங்கியிருந்தது.

"இதுல கையெழுத்துப் போட்டா அவளை எந்த ஆஸ்பத்திரியும் எடுக்காது மேட்ரன்."

"அவளுக்குப் புரிஞ்சிருக்கணும்."

"அவ திருப்பிக் கேட்டா. டாக்டர் யெஸ்னு சொன்னார்."

"தப்பான இங்கிலீஷ்ல கேட்டா. 'ஆஃப் இன்சுலின்'னு ஒரு வாக்கியம் இருக்கா?"

"இந்த ஊர்ல இருக்கு மேட்ரன். எல்லா வார்டுலயும் எல்லா டாக்டரும் அப்படித்தான் சொல்றாங்க. நீங்க காது கேக்காத மாதிரி நின்னாலும் சொல்றாங்க."

இதற்கு முன் நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. மேட்ரன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு எதிர்பாராமல் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர் அவர். அப்பா ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா. ஒரு கடிதத்தில் ஒரு சின்னச் சொல்லை மாற்றி எழுதியதற்காக மேலதிகாரி அதை எல்லார் முன்னாலும் உரக்கப் படித்துச் சிரித்தாராம். மறுநாள் அப்பா அகராதி வாங்கி வந்து பிள்ளைகளிடம் கொடுத்தார்.

"என் இங்கிலீஷ்ல ஒருத்தனும் ஒரு தப்பு கண்டுபிடிக்கக் கூடாது தனம். அதுல ஒண்ணு கண்டுபிடிச்சா, அப்புறம் நம்ம கிட்ட எல்லாத்துலயும் தப்பு தேடுவாங்க. அதுக்குத்தான் உங்களை அப்படி வளர்த்தேன்."

அவர் சொன்னது பொய்யில்லை. அந்த ஆங்கிலம் என்னை எத்தனையோ இடத்தில் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அந்தச் சிரித்த அதிகாரியின் நாற்காலியில்தான் இப்போது நாங்கள் உட்கார்ந்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லவும் செய்தேன்.

மேட்ரனின் முகம் வெளுத்தது. குரல் கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை.

"பேக் டவுன், தனம்."

பின்வாங்கிவிடு என்று அர்த்தம். அதே 'பேக்'தான்; பின்னால் 'ஆஃப்' வந்தால் ஒன்று, 'டவுன்' வந்தால் வேறொன்று. இந்த முறை யாருக்கும் எந்தக் குழப்பமும் இல்லை.

"புரியுது மேட்ரன். ஆனா முடியாது" என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

விசாரணை அறையில் நிர்வாக அதிகாரி, மேட்ரன், டாக்டர் ஆனந்த், ஷாமினி, நான். ஷாமினி மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதிகாரி தாளையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார். நான் தாளின் மேல் கையை வைத்தேன்.

"டாக்டர்கிட்ட ஒரு கேள்வி கேட்டுக்கிறேன் சார்."

"கேளுங்க."

"டாக்டர், பம்ப்ல அலாரம் 'கோஸ் ஆஃப்'னா, அலாரம் அடிக்குதா, நிக்குதா?"

"அடிக்குது" என்றார்.

"பம்ப் 'கோஸ் ஆஃப்'னா?"

"நிக்குது."

"ஒரே மெஷின், ஒரே வார்த்தை. ஒண்ணு அடிக்குது, ஒண்ணு நிக்குது. நீங்க சொன்ன 'ஆஃப்' குறைக்குது. இந்த மூணுல எது வேணும்னு தொலைபேசியில ஒரு பொண்ணு எப்படிக் கண்டுபிடிப்பா?"

அதிகாரி குறுக்கிட்டார். "சிஸ்டர், இது கிராமர் கிளாஸ் இல்லை."

"தெரியும் சார். கிராமர் கிளாஸ்ல தப்பு பண்ணா யாரும் ஐசியூவுக்குப் போறதில்லை."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. நான் சொன்னதால் அதிகாரியின் மனம் மாறவும் இல்லை. எல்லாத் தாதியருக்கும் ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கலாம், அதோடு இந்தத் தாளும் இருக்கட்டும் என்றார். மேட்ரன் தலையசைத்தார். ஷாமினி பேனாவை எடுத்தாள். அவள் கை தாளை நோக்கிப் போனபோது டாக்டர் ஆனந்த் பேசினார்.

"அவங்க கையெழுத்துப் போட வேண்டாம்."

தமிழில் சொன்னார். அவர் தமிழில் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. சொல் தேடித் தேடித்தான் வந்தது.

"அவங்க என்னைக் கேட்டாங்க. ஆஃப் இன்சுலினான்னு கேட்டாங்க. நான் யெஸ் சொன்னேன். நான் சரியாக் கேக்கல. அதை எழுதுங்க, நான் சைன் பண்றேன்."

அதிகாரி அவரை வெளியே அழைத்துப் போய் ஏதோ பேசினார். திரும்பி வந்தபோதும் டாக்டர் அதையே சொன்னார். கடைசியில் அந்தத் தாளில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. ஷாமினியின் வேலை நிலைத்தது.

எனக்கு வேறு ஒரு கடிதம் வந்தது. மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டதற்கு எச்சரிக்கை. பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துக் கேட்டார்கள். பெற்றுக்கொண்டேன், ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்து வந்த பதவி உயர்வில் என் பெயர் இல்லை, அதற்கடுத்ததிலும் இல்லை. இதை வருத்தமாகச் சொல்லவில்லை. விலை இவ்வளவு என்று தெரிந்திருந்தாலும் அன்று தாளின் மேல் கையை வைத்திருப்பேன்.

அடுத்த வாரமே என் வார்டில் ஒரு விதி கொண்டுவந்தேன். மேலிடத்து அனுமதி கேட்கவில்லை. தொலைபேசியில் எந்த உத்தரவு வந்தாலும் வாலை மட்டும் நம்பி யாரும் எதையும் தொடக்கூடாது. நிறுத்தவா, குறைக்கவா? குறைப்பதென்றால் மணிக்கு எவ்வளவு? எப்போதுவரை? இதையெல்லாம் கேட்டு, எண்ணைத் திருப்பிச் சொல்லி, டாக்டர் அதே எண்ணைச் சொன்ன பிறகுதான் பம்ப்பில் கை வைக்க வேண்டும். எந்த மொழியில் கேட்டாலும் சரி. ஆங்கிலத்தில் கேளுங்கள், மலாயில் கேளுங்கள், 'லா' போட்டுக்கூடக் கேளுங்கள். கேளுங்கள்.

மேட்ரன் வார்டைச் சுற்றி வரும்போது இதைக் கேள்விப்பட்டார்.

"மோசமான இங்கிலீஷுக்கு நீ இடம் கொடுக்கிற" என்றார்.

"நோயாளிக்கு இடம் கொடுக்கிறேன் மேட்ரன்."

அதற்குப் பிறகு அவர் ஓய்வு பெறும்வரை என்னிடம் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. பிரிவு உபசாரத்தில் எல்லாருக்கும் கை கொடுத்தார், எனக்கும் கொடுத்தார். அவர் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்துக்கு நன்றி சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். இரண்டு பேரும் தங்கள் இடத்திலிருந்து நகரவில்லை.

தேர்வுக்குப் போகும் பெண்களே, போங்கள். நன்றாகப் படியுங்கள். அந்தச் சின்னச் சொற்கள் பொல்லாதவை, தெரிந்து வைத்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் தேர்வில் தேறிவிட்டால் இனித் திருப்பிக் கேட்கத் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனப்பாடமாகத் தெரிந்தவர்களையும் காது ஏமாற்றும். அன்று தொலைபேசியின் அந்தப் பக்கம் இருந்தவருக்கு ஆங்கிலம் தாய்மொழி மாதிரி.

சில வருடம் கழித்து ஒரு மதியம். வேறொரு டாக்டர், ஊருக்குப் புதியவர், எப்போதும் அவசரம். ஷாமினி தொலைபேசியில் நின்றாள். நான் பக்கத்தில் மருந்து அலமாரியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ ஓர் 'ஆஃப்' சொல்லியிருக்க வேண்டும்.

"நிறுத்தவா, குறைக்கவா டாக்டர்?" என்று அவள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் எனக்கே கேட்டது. உனக்கு இங்கிலீஷ் புரியாதா என்று கத்தினார்.

நான் அலமாரியிலிருந்து கையை எடுத்தேன். தொலைபேசியை வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். ஷாமினி என் பக்கம் திரும்பவே இல்லை.

"புரியுது டாக்டர்" என்றாள். "மணிக்கு எத்தனை யூனிட்?"

பிறகு ஓர் எண் வந்தது. அவள் அதைத் திருப்பிச் சொன்னாள், அவரும் சொன்னார், அவள் எழுதினாள். தொலைபேசியை வைத்துவிட்டு நோயாளியிடம் போனாள்.